ஈரோட்டு பின்கோடு 638001: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி?

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை உறைகளில் முகவரி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பாவின் பழைய முகவரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஈரோடு, சத்தியமங்கலம், திருப்பூர், கரூர், நாமக்கல் என்று எழுதிக்கொண்டே போனேன். ஐம்பது உறை தாண்டியதும் கை தானாக எழுத, கண் மட்டும் கடைசி வரியில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. 638001. இலக்கங்களைக் கூட்டினால் 18. அப்படியென்றால் 9-ஆல் வகுபடுமே! உறையை ஓரமாக வைத்துவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி பத்திரிகை வேலை நின்றுபோனது. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்ததைப் பார்த்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அதை நீங்களும் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஒரு பென்சில், நான்கைந்து காலண்டர் தாள், சரிபார்க்க மட்டும் செல்போன் கால்குலேட்டர்.

பின்கோடு பற்றி ரெண்டு வரி. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை இந்த ஆறு இலக்க முறையைக் கொண்டுவந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் காட்டும். 638 ஈரோட்டு வட்டாரம், 001 தலைமை அஞ்சலகம். இனி இதை முகவரியாகப் பார்க்காமல் எண்ணாக மட்டும் பார்ப்போம்.

முதலில் சின்ன எண்களைக் கழித்துக்கட்டுங்கள்

ஒரு பெரிய எண் கையில் கிடைத்ததும் செய்ய வேண்டியது, அதைப் பகா எண்களின் பெருக்கலாக உடைப்பது. 2, 3, 5, 7, 11, 13 போல, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவைதான் பகா எண்கள். உடைத்துவிட்டால் அந்த எண்ணைப் பற்றிய மற்ற குணங்கள் வரிசையாக வெளியே வந்துவிடும்.

638001 ஒன்றில் முடிகிறது. எனவே 2, 5 இரண்டும் இல்லை. அடுத்து 3, 9. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும், அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால்தான் பலரும் தயங்குவார்கள். நாமக்கல் முட்டையை வைத்துச் சொல்கிறேன். முட்டைகளை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து வைக்கிறீர்கள். பத்து முட்டையில் ஒன்று மிஞ்சும். நூறிலும் ஒன்றுதான் மிஞ்சும், ஏனென்றால் 99 போய்விடும். ஆயிரத்திலும் ஒன்று, லட்சத்திலும் ஒன்று. ஆக ஆறு லட்சத்தில் 6 மிஞ்சும், முப்பதாயிரத்தில் 3, எட்டாயிரத்தில் 8, கடைசியில் இருக்கும் 1. மொத்த மிச்சம் 6 + 3 + 8 + 1 = 18. அதையும் ஒன்பது ஒன்பதாக வைத்துவிடலாம். மீதி இல்லை.

638001 ÷ 9 = 70889. இதன் இலக்கங்கள் கூடினால் 32. அது 3-ஆல் வகுபடாது. எனவே 3 இரண்டு முறையோடு நின்றது.

1001 என்ற சாவி

இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பெரிய எண்களைக் கையால் உடைப்பவர்களுக்கு இதைவிடப் பயன்படும் கருவி இல்லை என்பது என் எண்ணம்.

7 × 11 × 13 = 1001. ஒருமுறை பெருக்கிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆறு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து ஒன்று. அதாவது 638 ஆயிரங்கள், அதோடு ஒன்று. ஒவ்வொரு ஆயிரமும் 1001-க்கு ஒன்று குறைவு. 638 ஆயிரங்கள் இருந்தால் மொத்தம் 638 குறைவு. கையில் இருக்கும் 1 அதில் ஒன்றை அடைத்துவிடும். மிச்சக் குறை 637. ஆக,

638001 = 638 × 1001 − 637

638 × 1001 எப்படியும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். எனவே 638001 இவற்றால் வகுபடுமா என்பது 637 வகுபடுமா என்பதைப் பொறுத்தது. ஆறு இலக்கத்தை விட்டு மூன்று இலக்கத்தைச் சோதித்தால் போதும்! சுருக்கமாகச் சொன்னால், முதல் மூன்று இலக்கத்திலிருந்து கடைசி மூன்றைக் கழியுங்கள்.

637 = 7 × 91 = 7 × 7 × 13. அப்படியானால் 638001-க்குள் 7 இருக்கிறது, 13 இருக்கிறது, 11 இல்லை.

புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். 637-இல் 7 இரண்டு முறை வருகிறதே, 638001-இலும் இரண்டு முறை வருமா? வராது. 1001-இல் ஒரே ஒரு 7 தான் இருக்கிறது. அதனால் இந்தச் சோதனை ‘7 உண்டா, இல்லையா’ என்பதை மட்டும் சொல்லும், எத்தனை முறை என்று சொல்லாது. கரூரில் நேர் எதிராக நடக்கிறது. 639001-க்குச் செய்தால் 639 − 1 = 638 = 2 × 11 × 29. இங்கே 11 ஒரு முறைதான். ஆனால் 639001 ÷ 11 = 58091, அதை மறுபடி 11-ஆல் வகுத்தால் 5281. எண்ணுக்குள் 11 இரண்டு முறை இருந்திருக்கிறது. எனவே ஒரு காரணி கிடைத்ததும் வகுத்துவிட்டு, கிடைத்த ஈவில் அதே காரணியை இன்னொரு தடவை சோதியுங்கள்.

ஈரோட்டுக்குத் திரும்புவோம். 70889 ÷ 7 = 10127. மறுபடி 7 போகாது. 10127 ÷ 13 = 779. 13 × 59 = 767, 13 × 60 = 780, ஆக 779-க்குள் 13 இல்லை.

எங்கே நிறுத்துவது?

மிச்சம் 779. இதை எதுவரை சோதிக்க வேண்டும்? 28 × 28 = 784. 779 இரண்டு எண்களின் பெருக்கல் என்றால் இரண்டுமே 28-ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க முடியாது, பெருக்கல் 784-க்குக் குறையாதே. ஆகவே 28-க்குக் கீழே உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். 13 வரை முடித்துவிட்டோம். பாக்கி 17, 19, 23 மட்டும். 17 போகாது. 19 × 41 = 779. முடிந்தது.

638001 = 3 × 3 × 7 × 13 × 19 × 41

திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள்: 9 × 7 = 63, 63 × 13 = 819, 819 × 779 = 638001. இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். ஒரு இலக்கம் பிசகினால் பின்னால் வரும் எல்லாமே பிசகிவிடும்.

வர்க்கத்தின் வழியாக நுழைவது

இன்னொரு வழியும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பியர் டி ஃபெர்மா கையாண்டது. எண்ணுக்குச் சற்று மேலே இருக்கும் முழு வர்க்கத்தை எடுங்கள். அதிலிருந்து எண்ணைக் கழியுங்கள். மிச்சமும் ஒரு முழு வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது. ஏனென்றால் a² − b² = (a − b)(a + b).

638001-இன் வர்க்கமூலம் 798-க்கும் 799-க்கும் நடுவே வரும். 799-இன் வர்க்கத்தை மனக்கணக்காகவே போடலாம். 800-இன் வர்க்கம் 640000, அதில் 1600 கழித்து 1 கூட்டினால் 638401. இதிலிருந்து 638001-ஐக் கழித்தால் 400. அது 20-இன் வர்க்கம்! முதல் அடியிலேயே கதவு திறந்துவிட்டது.

638001 = 799² − 20² = 779 × 819

இதை எழுதி முடித்தபோதுதான் 638401-ஐ எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. எழுதி வைத்த உறைகளைப் புரட்டினேன். சத்தியமங்கலம். மாமா வீட்டுக்கு எழுதிய உறையில் என் கையெழுத்திலேயே 638401 என்று இருக்கிறது. சத்தியமங்கலத்தின் பின்கோடு ஒரு முழு வர்க்கம், 799 × 799. அதிலிருந்து 20-இன் வர்க்கத்தைக் கழித்தால் ஈரோடு.

அப்படியானால் 800-க்கு அந்தப் பக்கம்? 801-இன் வர்க்கம் 640000 + 1600 + 1 = 641601. அது திருப்பூர் தலைமை அஞ்சலகம். பனியன் கம்பெனிக்காரர்கள் தினமும் பார்சல் மேல் எழுதும் எண் ஒரு முழு வர்க்கம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 800-இன் இரண்டு பக்கமும் கொங்கு ஊர்கள் இப்படி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பியே சொன்னேன்.

ஆனால் இந்த வர்க்க வழியை எல்லா எண்ணுக்கும் நம்பாதீர்கள். இரண்டு காரணிகளும் அளவில் பக்கம் பக்கமாக இருந்தால்தான் சீக்கிரம் பலன் தரும். ஈரோட்டுக்கு 779-உம் 819-உம் அப்படி அமைந்தன. கரூரின் 639001-ஐ இதே வழியில் உடைக்க 800-இல் தொடங்கினால் 2701 வரை ஒவ்வொன்றாகப் போக வேண்டும், ஆயிரத்துத் தொள்ளாயிரம் முறைக்கு மேல். அந்த எண்ணுக்கு 1001 வழிதான் சரி.

எதுவுமே வகுக்காவிட்டால்

நாமக்கல் 637001. இலக்கக் கூடுதல் 17, எனவே 3 இல்லை. 637 − 1 = 636 = 2 × 2 × 3 × 53, எனவே 7, 11, 13 எதுவும் இல்லை. வர்க்கமூலம் 798-ஐ ஒட்டி வருவதால் 797 வரையுள்ள பகா எண்களைச் சோதிக்க வேண்டும். அந்த வரைக்கும் மொத்தம் 139 பகா எண்கள். மேலே சொன்ன வழிகளில் ஆறு போய்விட்டால் பாக்கி 133.

இதைக் கால்குலேட்டரில் செய்வதில் தப்பில்லை. வகுத்ததும் புள்ளிக்குப் பின்னால் ஏதாவது வந்தால் அந்த எண் போகாது என்று அர்த்தம், தாளில் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பகா எண்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது முக்கியம். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் முடிவு செல்லாது. 43-இல் ஒன்று மட்டும் குறைகிறது, 97-இல் 2 மிஞ்சுகிறது, 199-இலும் 2 மிஞ்சுகிறது. ஒவ்வொரு தடவையும் கிடைத்துவிடும் போலத் தோன்றும், கிடைக்காது. கடைசி 797-இலும் 198 மிஞ்சும். 637001 ஒரு பகா எண். ஈரோடு சில்லறை சில்லறையாக உடைந்தது. அடுத்த மாவட்டத் தலைநகரின் எண் அசையவே மறுக்கிறது.

உடைத்த பிறகு என்னவெல்லாம் தெரியும்?

முதலில் வகுத்திகளின் எண்ணிக்கை. 638001-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண் ஒவ்வொன்றும் மேலே கண்ட பகா எண்களிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். 3-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம்: மூன்று வழி. 7, 13, 19, 41 ஒவ்வொன்றுக்கும் எடுப்பது, விடுவது என இரண்டு வழி. 3 × 2 × 2 × 2 × 2 = 48 வகுத்திகள். கரூருக்கு 6, நாமக்கல்லுக்கு 2. சத்தியமங்கலம் 17 × 17 × 47 × 47 என்பதால் 9. திருப்பூரில் 3 நான்கு முறையும் 89 இரண்டு முறையும் இருப்பதால் 15. முழு வர்க்கங்களுக்கு மட்டும் இந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருவதைக் கவனியுங்கள். வகுத்திகள் ஜோடி ஜோடியாக வரும். சத்தியமங்கலத்தில் 799 மட்டும் தனக்குத் தானே ஜோடி.

வகுத்திகளை எல்லாம் கூட்ட வேண்டுமானால் 48 எண்களையும் எழுத வேண்டியதில்லை. (1+3+9) × (1+7) × (1+13) × (1+19) × (1+41) = 1223040. இதில் எண்ணையே கழித்தால் 585039. அது 638001-ஐ விடக் குறைவு. தன் வகுத்திகளின் கூட்டல் தன்னளவு எட்டாத எண் இது.

48 வகுத்திகள் 24 ஜோடி. எல்லாமே ஒற்றைப்படை. எனவே ஈரோட்டு எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக 24 விதமாக எழுதலாம். நாம் கண்டது அதில் ஒன்று. ஆனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு விதத்திலும் எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் 3 மிஞ்சும் பகா எண் எதுவும் ஒற்றைப்படை முறை வரக் கூடாது என்பது அதற்கான விதி. இங்கே 7-உம் 19-உம் ஒவ்வொரு முறை வந்து கெடுத்துவிட்டன. கரூருக்கு முடியும்: 660-இன் வர்க்கம் 435600, 451-இன் வர்க்கம் 203401, கூட்டினால் 639001.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. 1-ஐ 638001-ஆல் வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் எத்தனைக்கு ஒருமுறை திரும்பி வரும்? ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 1/9 ஒவ்வொரு இலக்கத்திலும் திரும்பும். 1/7, 1/13 இரண்டும் 6 இலக்கத்துக்கு ஒருமுறை. 1/19 பதினெட்டுக்கு ஒருமுறை. 1/41 = 0.02439 02439... ஐந்துக்கு ஒருமுறை. 1, 6, 6, 18, 5 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 90. ஆக, சரியாக 90 இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும். நீளமாக வகுத்தே பார்க்காமல் இதைச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

காரணிகளைச் சேர்த்துப் பாருங்கள்

பிரித்தால் மட்டும் போதாது, பிரித்ததைப் பல விதமாகச் சேர்த்தும் பார்க்க வேண்டும். நான் இதைக் கடைசியில்தான் செய்தேன், முதலிலேயே செய்திருக்கலாம். 7 × 13 × 19-ஐப் பெருக்குங்கள். 91 × 19 = 1729.

1729! லண்டனில் உடம்பு முடியாமல் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கப் போன ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, ஒன்றும் விசேஷமில்லாத எண் என்று சொன்னார். அப்படியில்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது என்று ராமானுஜன் பதில் சொன்னார். 1³ + 12³, 9³ + 10³. அந்த ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், அம்மா வழித் தாத்தா வீட்டில்.

638001 = 369 × 1729

அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இது தற்செயல்தான், அதில் சந்தேகமில்லை. எண்களை வரிசையாக எழுதினால் 1729-க்கு ஒன்று 1729-இன் மடங்காக வரத்தான் செய்யும். தபால் துறை வட்டாரக் கணக்கில் கொடுத்த எண் இது. ஆனாலும் அந்த ஒன்று இந்த ஊருக்கு வந்து வாய்த்திருக்கிறது.

ராமானுஜனுக்கும் நாம் செய்த வேலைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு, அது தற்செயல் இல்லை. வகுத்திகள் அதிகம் உள்ள எண்களைப் பற்றி 1915-இல் அவர் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பத்து லட்சத்துக்குக் கீழே அந்த வகையில் முதலிடம் 720720-க்கு, 240 வகுத்திகள். பிறகு 1917-இல் ஹார்டியும் அவரும் சேர்ந்து இன்னொன்றை நிறுவினார்கள். ஒரு பெரிய எண்ணுக்குள் வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகா எண்கள் இருக்கும் என்ற கேள்விக்கான விடை அது. எண்ணின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) எடுத்து, அதற்கு மறுபடி மடக்கை எடுத்தால் கிடைப்பதை ஒட்டியே பெரும்பாலும் இருக்கும் என்றார்கள். நம் அளவு எண்ணுக்கு அது இரண்டரையை ஒட்டி வருகிறது. கரூர், சத்தியமங்கலம், திருப்பூர் மூன்றிலும் இரண்டு. நாமக்கல்லில் ஒன்று. ஈரோட்டில் 3, 7, 13, 19, 41 என ஐந்து. சின்னச் சின்னப் பகா எண்களாக இவ்வளவு சுலபமாக உதிரும் எண் அடிக்கடி கிடைக்காது. அதனால் உங்கள் ஊர் எண் நாலு அடியில் உடையவில்லை என்றால் மனம் தளராதீர்கள், அதுதான் வழக்கம்.

பழகிப் பார்க்க கோயம்புத்தூர் தலைமை அஞ்சலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 641001. இலக்கக் கூடுதல் 12, எனவே 3 ஒரு முறை போகும், 9 போகாது. 641 − 1 = 640, அதில் 7, 11, 13 எதுவும் இல்லை. மிச்சம் 213667. 462-இன் வர்க்கம் 213444 என்பதால் 461 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும், 17-இலிருந்து தொடங்குங்கள்.